இறங்க மனமில்லாத அன்ரி

பின்னால் கோழிப் பண்ணை, முன்னால் வாகா வாகா ரயில் நிலையம், இடையில் ஒன்பது கிலோமீற்றர் தார்ச்சாலை. பெப்ரவரி வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு காற்சட்டை, ஒரு துவாய், பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட என் கடிதங்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. கையுறையைக் கழற்றிக் கூட்டின் மேல் வைத்துவிட்டு வாசலால் வெளியே வந்துவிட்டேன். அங்கே என்னை யாரும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பத்துக் கிழமையாக ஒரே கொட்டகை, ஒரே மணம். அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நானாக எதிலும் நிலைத்து நின்றதில்லை. நின்ற இடங்களெல்லாம் மற்றவர்கள் நிறுத்திவைத்த இடங்கள்: முதலில் வன்னியில் ஒரு முகாம், பிறகு படகு, பிறகு அகதிகளை அடைத்து வைக்கும் ஒரு தீவில் கம்பிவேலி. 2011 கடைசியில் வேலை செய்யலாம் என்ற கடிதத்தோடு மெல்பேணில் விட்டார்கள். முப்பத்தெட்டு வயது. எந்த வேலையும் மூன்றாம் மாதத்தில் காலை அரிக்கத் தொடங்கிவிடும்.

சிட்னியிலிருந்து வந்த மெல்பேண் பகல் ரயிலில் ஏறினேன். அரை மணித்தியாலம் ஓடியிருக்கும். ஒரு பக்கம் காய்ந்த புல், மறுபக்கம் காய்ந்த புல். அந்த இடத்தில் ரயில் நின்றது. ஸ்டேசன் இல்லை, வீடு இல்லை, பாதைகூட இல்லை. நான் எழும்பிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடித உறையைக் கையில் எடுத்துக்கொண்டு நடைபாதையில் கதவைப் பார்த்தபடி நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. வெட்டவெளியில் வண்டி நின்றால் சாமான்களோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் காலுக்குத் தெரிந்திருந்தது. பெட்டியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

"தம்பி, இரும். இஞ்ச ஒருத்தரும் இறக்க மாட்டினம்."

இரண்டு வரிசை தள்ளி, ஜன்னலோரம் ஒரு அம்மா. அறுபது தாண்டியிருக்கும். வெள்ளைச் சப்பாத்து, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் நீல ஜக்கற்.

"தண்டவாளம் சூடேறிப் போச்சாம். அதுதான் நிக்குது. செக்கிங் இல்லை. பையை வையும்."

பையை வைத்தேன். வெட்கமாக இருந்தது. "நான் தமிழ் எண்டு எப்பிடி அன்ரி தெரியும்?" என்று கேட்டேன்.

"ரயில் நிண்டால் வெள்ளையள் போனை எடுப்பினம். எங்கட ஆக்கள்தான் பையை எடுப்பினம்."

பிறகு ஒலிபெருக்கியில் ரயில் கார்ட் மறுபடியும் பேசினார். குறைந்தது நாற்பது நிமிடம் தாமதமாகும் என்றார். பெட்டி முழுக்கப் பெருமூச்சு விட்டது. அன்ரி மட்டும் பரிசு விழுந்தவர் மாதிரிச் சிரித்தார். காலுக்கடியிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துத் திறந்தார். இடியப்பமும் சிவப்புச் சம்பலும்.

"ஹென்ரி ஸ்டேசனில சாப்பிடுறது எண்டு வைச்சிருந்தனான். ஹென்ரி வரப் பிந்துமாம். ரயில் பிந்தினால் சாப்பாடு முந்தலாம். வாரும், இதில இரும்."

அவரை நான் அறிந்தது அப்படித்தான். அவர் கையில் மணிக்கூடு கட்டுவதில்லை. ரயிலில் ஏறியதும் கைத்தொலைபேசியை நிறுத்திப் பைக்குள் போட்டுவிடுவார். நேரம் பார்த்துச் சாப்பிட மாட்டார், ஊர் பார்த்துச் சாப்பிடுவார். கூல்பேர்னில் தேத்தண்ணி. யாஸ் தாண்டினால் ஒரு வாழைப்பழம். ஹென்ரியில் இடியப்பம். அல்பரி ஆற்றைக் கடக்கும்போது ஒரு வெற்றிலை, அதுவும் பாதி. புத்தகம் இல்லை, பின்னல் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களோடு அதிகம் கதைப்பதும் இல்லை. கையிரண்டையும் மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார். நித்திரையா என்று நான் இரண்டு முறை குனிந்து பார்த்திருக்கிறேன். கண் திறந்துதான் இருக்கும்.

"எங்க அன்ரி போறியள்?" என்று அன்று கேட்டேன்.

"மெல்பேணுக்கு."

"ஆரிட்ட?"

"ஒருத்தரிட்டயும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"நாளைக்குத் திரும்பி வர."

விசர் மனுசியோ என்று நினைத்தேன். சம்பல் நன்றாக இருந்ததால் மேலே கேட்கவில்லை.

சதர்ன் குறொஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அன்ரி இறங்கவில்லை. துப்புரவு செய்பவர் குப்பைப் பையோடு ஏறி, இரண்டு வரிசை முடித்து, அவர் முன்னால் வந்து நின்றபோதுதான் எழும்பினார். அதுவும் படம் முடிந்து பெயர்கள் ஓடும்வரை தியேட்டரில் இருப்பவரைப் போல மெதுவாக. அவருடைய பையை நான் தூக்கிக்கொண்டேன். மேடையில் ஒரு பெஞ்சைக் கண்டதும் அதில் இருந்துவிட்டார்.

"நீர் எந்தப் பக்கம் இருக்கிறீர்?"

"டண்டினோங். எங்கட பொடியள் ஆறு பேரோட."

"அதில இருந்து கேரம் டவுன்ஸ் கோயில் கிட்டத்தானே?"

"ஒரு பஸ்."

பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, பெட்டிக்குள் சொல்லாத கதையை அந்தப் பெஞ்சில் சொன்னார்.

முந்தின வருடம் கணவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நேர்த்தி வைத்தாராம்: இந்த மனுசன் உயிரோடு வீட்டுக்கு வந்தால், உயிரோடு இருக்கும்வரை மாதம் ஒருமுறை கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வந்து அவர் பெயரில் அர்ச்சனை செய்வேன். சிட்னியிலும் கோயில் இருக்கிறது. கிட்டக் கிடக்கிற கோயிலுக்குப் போவது ஒரு நேர்த்தியா என்று அந்த நேரத்தில் தோன்றியதாம். மனுசன் பிழைத்தார். பிளேனில் போகச் சொன்னார். பிளேன் அன்ரிக்குக் காதை அடைக்கும். பென்சன்காரருக்குத் தரும் இலவசப் பயணத் துண்டு ரயிலுக்குத்தான் செல்லும். அதனால் ரயிலில் வந்தார்.

"முதல் ரெண்டு தரமும் ஒழுங்காக் கோயிலுக்குப் போனனான் தம்பி. மூண்டாந்தரம் இதில இறங்கினன். இன்னொரு ரயில் ஏறி, பஸ் ஏறி... எனக்கு மனம் வரேல்லை. களைப்பில்லை. பதினொரு மணித்தியாலம் சும்மா இருந்திட்டு வந்த சுகத்தைக் கொண்டுபோய் எங்கயோ கொட்டுற மாதிரி இருந்துது. இந்தப் பெஞ்சிலயே இருந்திட்டன். அடுத்த நாள் அப்பிடியே திரும்பிட்டன்."

இரண்டு மாதமாகச் சிட்னியில் தாங்கள் இருக்கும் பென்டில் ஹில் கடையில் வாங்கிய விபூதியைத் தாளில் மடித்துக் கணவருக்குக் கொடுத்தாராம். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் காட்டுவாராம். அன்ரிக்கு அந்த இரண்டு மாதமும் நித்திரை இல்லை.

"அவருக்கு ஏதாவது ஒண்டு நடந்தால் என்ர பிழைதான். ஆனா இந்த ரயிலை விடவும் என்னால ஏலாது. நீர் செய்வீரோ? அர்ச்சனை நடந்தாப் போதும். ஆர் நிண்டு செய்தால் என்ன, பேரும் நட்சத்திரமும் அவற்றதானே?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பென்டில் ஹில்லிலிருந்து வெஸ்ட்மீட் இரண்டே ஸ்டேசன். அந்த ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத சலவைப் பகுதியில், இருபத்திரண்டு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவர் அவர். "ஒவ்வொரு நாளும் ரயில்தான். இருந்து சேலையைச் சரி செய்யமுந்தி இறங்க வேணும்," என்பார். அவர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்மறிக்கூட்டம் போகும்போது, அதைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

கணவரின் பெயரையும் பூரட்டாதி என்ற நட்சத்திரத்தையும் என் உள்ளங்கையில் பேனையால் எழுதினார். தன் பெயரை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசிவரை எனக்கு அவர் அன்ரிதான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அன்ரி புறப்படும் நாள். அன்று காலை நான் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவேன். ஐயர் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார். முதல் தடவை உள்ளங்கையைப் பார்த்து வாசித்தேன். ஐயர் சிரித்தார். நான் கோயிலுக்குள் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. சாமியிடம் எனக்குப் பெரிதாகக் கதையும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனுசனின் நட்சத்திரத்தைச் சத்தமாகச் சொல்லும்போது நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. விபூதி, குங்குமம், வாழைப்பழம், தேங்காய்ப் பாதி. காசு கட்டியதும் தரும் அர்ச்சனைத் துண்டையும் மடித்துப் பொட்டலத்துக்குள் வைப்பேன், ஏமாற்றவில்லை என்று அன்ரிக்குக் காட்ட. பின்னேரம் சதர்ன் குறொஸுக்குப் போய் அதே பெஞ்சில் கொடுப்பேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிரித்துப் பார்ப்பதில்லை.

பிறகு எனக்கு மிச்ச இடியப்பம் கிடைக்கும். வழியில் கண்டவையும் கிடைக்கும். எந்த அணையில் தண்ணி வற்றியது, எந்த ஸ்டேசனில் பூனை படுத்திருந்தது. கேட்டுவிட்டு நான் என் செய்தியைச் சொல்வேன்: கார் கழுவும் இடத்தை விட்டுவிட்டேன், பேக்கரியை விட்டுவிட்டேன்.

"ஏன் விட்டனீர்?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார்: "நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வருத்தக்காரர் தம்பி. நீர் எல்லாத்திலயும் இறங்குற ஆள். நான் இறங்காத ஆள்."

இரவு அவர் தங்குவது நிலையத்துக்குப் பக்கத்தில், முதுகுப்பையோடு ஊர் சுற்றும் இளம் வெள்ளைக்காரர்கள் தங்கும் மலிவு விடுதியில். எட்டுக் கட்டில் அறை, கீழ்க்கட்டில். ஜேர்மன் பெட்டையள் இரண்டு பேர் அவரிடம் சேலை கட்டப் பழகினார்களாம். கணவருக்குச் சொல்லியிருந்தது, கோயிலுக்குப் பக்கத்தில் கூட வேலை செய்த சிநேகிதி வீடு என்று. "சிநேகிதியின்ர சமையல் எப்பிடி எண்டு கேட்டார். பாணும் நூடில்சும் எண்டன். பாவமாம் அவ," என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஜூலை மாதம் சிட்னியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரோடு கூடவே போனேன். திரும்பும் பாதையில் பெத்துங்ரா என்று ஒரு இடம். அங்கே மலை ஏற முடியாமல் ரயில் ஒரு பெரிய வட்டம் அடித்து, தான் வந்த பாதைக்கு மேலாகவே கடந்து போகும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே அன்ரி சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு தயாரானார்.

"இஞ்ச பாரும், இஞ்ச பாரும். இப்ப கீழ தெரியுதே தண்டவாளம், அதில நாங்கள் கொஞ்சம் முன்னம் வந்தனாங்கள்."

"அப்ப ஒரு இடமும் போகேல்லையே அன்ரி?"

"அதுதானே!" என்று என் தோளில் ஒரு அடி வைத்தார். அவ்வளவு சந்தோசத்தை நான் அவர் முகத்தில் வேறு நேரம் கண்டதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பென்டில் ஹில் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார். கோயிலில் பழக்கமான தம்பி என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தார். அங்கிள் மெலிந்த உயரமான மனுசர். கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவர், இங்கே வந்தும் அதே வேலை. சுவரில் இரண்டு மணிக்கூடு, கையில் ஒன்று.

"கதிரையை இழுத்து இரும்," என்றார். "கோயிலில இவவைக் காணுறனீரோ?"

சோற்றில் கை வைத்தபடி, "ஓம் அங்கிள்," என்றேன்.

"பிளேன் ஒண்டரை மணித்தியாலம். இவ பதினொரு மணித்தியாலம் இருந்து போறா. அவ்வளவு நேரமும் என்ன செய்யிறாய் எண்டால் சொல்லமாட்டா."

குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "தேவாரம் படிக்கிறன்!"

"பதினொரு மணித்தியாலத் தேவாரமோ?" அங்கிள் என்னைப் பார்த்தார். "என்ர உயிரை இவ ரயில் பெட்டியில கொண்டுபோய்க் கட்டி வைச்சிருக்கிறா தம்பி."

கடையில் என்னை எடுக்கவில்லை. நான் மெல்பேணுக்குத் திரும்பிக் காளான் பண்ணை ஒன்றில் சேர்ந்தேன்.

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை. லீவு என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அன்று விடிய ஆள் பிடிக்கும் கொன்ராக்ரர் வானோடு வீட்டு வாசலுக்கு வந்து, எல்லோரும் நிற்க வேண்டும் என்று என்னையும் பண்ணைக்கு ஏற்றிக்கொண்டு போனார். வாய்த்தர்க்கம் வந்தது. பதினொரு மணிக்கு நான் காளான் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு நடந்தேன். பண்ணையிலிருந்து பெருந்தெரு ஒன்றேகால் மணித்தியால நடை. நான் பஸ்ஸைப் பிடித்தபோது கோயில் நடை சாத்தியிருக்கும், மறுபடி திறக்க நாலு மணி. நாலு மணிக்கு அர்ச்சனை செய்தால் அன்ரியின் ரயில் வரும் நேரத்துக்குச் சதர்ன் குறொஸ் போய்ச் சேர முடியாது.

போன் செய்யலாம் என்றால் அவர் போன் பைக்குள் செத்துக் கிடக்கும்.

டண்டினோங்கில் ஒரு தேங்காய் வாங்கினேன். நடைபாதை விளிம்பில் உடைத்தேன். அது கோணலாக உடைந்தது. ஒரு பாதி கிண்ணம் மாதிரி, மறுபாதி அகப்பை மாதிரி. கிண்ணத்தை எடுத்தேன். போன மாதத்து விபூதி என்னிடம் கொஞ்சம் இருந்தது. பழைய அர்ச்சனைத் தாளில் மடித்தேன். இரண்டு வாழைப்பழம். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. துண்டு மட்டும் இல்லை.

அன்று அன்ரி பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். மேல் தாள் விலகியிருந்தது. தேங்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோணலா உடைஞ்சிருக்கு."

"ஐயர் புது ஆள் அன்ரி."

"ம். புது ஐயரும் பழகத்தானே வேணும்," என்று தாளை மூடினார். அன்று எனக்குத் தந்த இடியப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுத்தேன். எனக்கு இறங்கவில்லை.

திங்கள் பின்னேரம் அவருடைய அழைப்பு வந்தது. அவர் எனக்குப் போன் எடுத்தது அதுவே முதல் தடவை.

"தம்பி, அவர் ஆஸ்பத்திரியில. நேற்று மத்தியானம் குசினிக்குள்ள விழுந்திட்டார். பக்கத்து வீட்டு மனுசிதான் அம்புலன்ஸ் கூப்பிட்டவ. எனக்கு எத்தனை தரமோ அடிச்சிருக்கினம். நான் அந்த நேரம்..." என்று நிறுத்தினார். அந்த நேரம் ரயில் எந்த இடத்தில் ஓடியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "பென்டில் ஹில் மேடைக்கு எப்பவும் வாறவரை நேற்றுக் காணேல்லை. அப்பத்தான் போனைத் திறந்தனான்."

நான் எழும்பி அறைக்கு வெளியே வந்தேன்.

"ஒண்டு கேக்கிறன். சனிக்கிழமை அர்ச்சனை செய்தனீரோ?"

"ஓம் அன்ரி," என்றேன்.

"சரி," என்று வைத்துவிட்டார்.

நான் பொய் சொல்லாத ஆள் இல்லை. படகு ஏற, வேலை எடுக்க, எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எதுவும் மறுநாள்வரை நிற்காது. இது நின்றது. செவ்வாய் காலை சிட்னி ரயிலில் ஏறினேன். பெத்துங்ரா வட்டத்தில் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை.

புதன் காலை வெஸ்ட்மீட்டில், வார்ட்டுக்கு வெளியே அன்ரியைக் கண்டேன். அதே நீல ஜக்கற். என்னைக் கண்டதும், "வேலை இல்லையோ?" என்றார்.

"அன்ரி, நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போகேல்லை. தேங்காய் நான் உடைச்சது."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேட்டனீங்கள்?"

"நீர் ஓம் எண்டு சொல்லுவீர் எண்டுதான். அவர் கட்டிலில கிடந்து என்னைக் கேட்டால், நானும் ஓம் எண்டு சொல்ல, எனக்கு முதல்ல ஓம் எண்டு சொன்ன ஒருத்தர் வேணுமே." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உம்மில பிழை இல்லை. நேர்த்தி வைச்சது நான். சாமிக்கு வைச்சதை ரயிலுக்குக் குடுத்ததும் நான். முடிஞ்சுது தம்பி. இனி ரயில் இல்லை. அவர் எழும்பினால் பிளேனில போய் முறையாச் செய்து முடிப்பன். காது அடைச்சால் அடைக்கட்டும்."

அழவில்லை. பக்கத்துத் தள்ளுவண்டியில் யாரோ அரைகுறையாக மடித்துப் போட்டிருந்த விரிப்பை எடுத்து, உதறி, மூலைக்கு மூலை பிடித்து மடித்தார். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கும் அடுத்ததை எடுக்கும்போது தாதி வந்து, இரண்டு நிமிடம் நோயாளியைப் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார்.

அங்கிள் தலையணையில் சாய்ந்திருந்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்கள். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. கையில் மணிக்கூடு கட்டியிருந்தார்.

"வாரும். இந்த மாதம் துண்டைக் காணேல்லை."

"எந்தத் துண்டு அங்கிள்?"

"அர்ச்சனைத் துண்டு. ஒவ்வொரு மாதமும் பொட்டலத்துக்குள்ள வரும். நாள், நேரம் எல்லாம் அடிச்சிருக்கும். சனிக்கிழமை காலமை பதினொண்டு பத்து, பதினொண்டு இருபது." மூச்சு வாங்கினார். "அந்த நேரம் இவ யாஸ் பக்கம் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு இருப்பா."

நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"நான் படம் கீறின ஆள் தம்பி. ரெண்டு கோடு முட்டாட்டில் எனக்குத் தெரியாதோ? அதுக்கு முன்னம் ரெண்டு மூண்டு மாதம் துண்டே வரேல்லை. விபூதி எங்கட கடை விபூதி. மணத்திலயே தெரியும். பிறகு துண்டோட வந்துது. ஆரோ ஒரு நல்ல பிள்ளை மாட்டுப்பட்டிருக்கு எண்டு நினைச்சன்."

"அன்ரியிட்ட ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நிப்பாட்டிப் போடுவா." கதவுப் பக்கம் பார்த்தார். "இருபத்திரண்டு வருசம் கீழ்த்தளத்தில நிண்டவ. ஞாயிற்றுக்கிழமை ரயிலால இறங்கி மேடையில நடந்து வருவா பாரும், அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் தடியை ஊன்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போறனான். இப்ப, இனி ரயில் இல்லையாம். காலமை சத்தியம் பண்ணுறா."

"என்னாலதான் அங்கிள். நான்தான் போகேல்லை."

"அதை விடும். கொழுப்பு அடைச்சதுக்குத் தேங்காய் என்ன செய்யும்?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "ரெண்டு மாதத்தில நான் எழும்பி நடப்பன். நானே இவவைச் சென்ட்ரலில கொண்டுபோய் ஏத்துவன். நேர்த்தி விட்டுப்போச்சு, போய்த் தீர்த்துக்கொண்டு வா எண்டு துரத்துவன். ஆனா அங்கால அர்ச்சனை செய்ய ஆள் இல்லையெண்டால், இந்த மனுசி உண்மையாவே கோயிலுக்குப் போகவேண்டி வரும். பாவம்." என் கையைப் பிடித்தார். "நீர் அங்கதான் நிப்பீரோ, இல்லை வேறெங்கயும் போற எண்ணமோ?"

நான் பதில் சொல்வதற்குள் அன்ரி உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாகக் கட்டிலின் கால்மாட்டு விரிப்பை இழுத்து மூலையைச் செருகினார். "இந்த மடிப்பு என்ன மடிப்பு," என்று முணுமுணுத்தார்.

"துண்டை மறந்திடாதேயும்," என்றார் அங்கிள் என்னிடம்.

"என்ன துண்டு?" என்றார் அன்ரி.

"அவர் போற ரயிலின்ர துண்டு," என்றார் அங்கிள்.

வியாழன் காலை சிட்னி சென்ட்ரலில் மெல்பேண் ரயில் ஏறினேன். அன்ரி வழமையாக இருக்கும் பக்கத்து ஜன்னல். கூல்பேர்னில் தேத்தண்ணி வாங்கினேன். யாஸ் தாண்டும்போது என்னிடம் வாழைப்பழம் இல்லை. வாகா வாகாவில் ரயில் நின்றபோது, நான் விட்டுவிட்டு வந்த பண்ணைப் பக்கம் ஒருமுறை பார்த்தேன். பதினொரு மணித்தியாலமும் எங்கேயும் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. சதர்ன் குறொஸில் துப்புரவு செய்பவர் வந்து முன்னால் நிற்கும்வரை இருந்தேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கேரம் டவுன்ஸில் பஸ்ஸால் இறங்கினேன். கோயிலுக்குப் போகிற அதே பஸ்தான். இரண்டு தரிப்பு முன்னால் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு தெரு இருக்கிறது. மூன்றாவது வாசலில் அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை. ஆள் தேவை என்று தட்டி தொங்கியது. முதலாளி கிரேக்கக் கிழவர். என் கடிதத்தை வாசித்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். இதற்கு முன் எங்கே வேலை செய்தாய் என்றார். கோழிப் பண்ணை, கார் கழுவும் இடம், பேக்கரி, காளான் என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஒரு வருடத்துக்குள் இவ்வளவா?" என்று புருவத்தை உயர்த்தினார். "இங்கே எத்தனை நாள் நிற்பாய்?"

"மாதத்தின் முதல் சனிக்கிழமை எனக்கு லீவு வேண்டும்," என்றேன்.

"வருகிற மாதமா?"

"ஒவ்வொரு மாதமும்."

கிழவர் என் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து நீட்டினார்.